மேற்படி மச்சம்

கடிதத்தை மூன்றாவது தடவை படித்தபோதும் கோபால்சாமியின் கண் அதே வரியில்தான் போய் நின்றது.

'புதிய முறையில் நடைபெறும் பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத் தேர்வில் ஆள் மாறாட்டத்தைத் தவிர்க்கும் பொருட்டு, மாணாக்கரின் அங்க அடையாளங்கள் தேர்வின் முதல் நாளன்று துறை அலுவலரால் நேரில் சரிபார்க்கப்படலாம். பொருந்தாதோர் தேர்வெழுத அனுமதிக்கப்படார். பட்டியலைத் தயாரித்தவரே இதற்கு முழுப் பொறுப்பாவார்.'

பட்டியலைத் தயாரித்தவர் கோபால்சாமி, கீழே ஒடுகத்தூர்க்காரர். ஜவ்வாது மலையின் மேலே ஓடு வேய்ந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒரே எழுத்தர். தலைமையாசிரியர் நாற்காலி ஆறு மாதமாகக் காலி. மாற்றல் உத்தரவு வாங்கி வருகிறவர்கள் எல்லாரும் மலைப் பாதையைப் பார்த்த உடனே மருத்துவ விடுப்பில் போய்விடுவார்கள். ஆகவே கையெழுத்து எதுவானாலும் கோபால்சாமி, தப்பு எதுவானாலும் கோபால்சாமி.

அதுவரை மலைப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோரு வருஷப் படிப்பு. அதைக் கீழே ஒடுகத்தூர்ப் பக்கம் இறங்கிப் போய்த்தான் எழுத வேண்டும். முக்கால்வாசிப் பேர் எட்டாவதோடு சாமைக் கொல்லைக்குப் போய்விடுவார்கள். இப்போது சர்க்கார் பதினொன்றைப் பத்தாகக் குறைத்து, பள்ளியையும் உயர்த்தி, பரீட்சையையும் மலைக்கே கொண்டுவந்துவிட்டது. 'அந்தப் பாக்கி ஒரு வருசத்த இன்னா பண்ணாங்க?' என்று ஊரில் பலர் கோபால்சாமியிடம் கேட்டார்கள். அவருக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசைதான். கேட்பதற்கு மேலே யாரும் இல்லை.

முதல் அணி பதின்மூன்று பேர். பன்னிரண்டு பையன்கள், ஒரே ஒரு பெண்.

அந்தப் பெண் அம்சவல்லி. மலையில் பத்தாவதுவரை வந்த முதல் பெண். அவள் தாய் செல்லியம்மாள் தினமும் காலையில் அவளைப் பள்ளி வேலிவரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் புளி உலுக்கப் போவாள். பரியம் பேசிப் பெண் கேட்டு வந்த தன் தம்பியிடம், 'எம்பொண்ணு பரிச்ச எழுதட்டும். எழுதலேன்னா சித்திரையில கூட்டிக்கினு போ, எழுதிட்டான்னா அவ இஷ்டம்' என்று சொல்லி வைத்திருந்தாள். அம்சவல்லிக்கு மாமனைக் கண்டாலே ஆகாது. இதெல்லாம் கோபால்சாமிக்குத் தெரியும். அதனால்தான் நாமினல் ரோல் என்கிற அந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது, அகர வரிசைப்படி முதலில் வந்த அவள் பெயரை அச்சுப்போல எழுதினார். அவளை மேஜைக்கு எதிரே நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று எழுதினார். ஆயா மங்கம்மாளைக் கேட்டு, 'இடது முழங்காலில் ஒரு தழும்பு' என்றும் சேர்த்தார்.

அப்புறம்தான் கை வழுக்கியது.

இருபது வருஷ எழுத்தருக்கு 'மேற்படி' என்ற சொல் மூச்சு மாதிரி. பள்ளி? மேற்படி. வட்டம்? மேற்படி. தாய்மொழி? மேற்படி. பிறந்த நாளும் மேற்படிதான். சேர்க்கும்போதே எல்லாப் பிள்ளைக்கும் ஜூன் ஒன்று என்று போட்டாயிற்று. மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு பன்னிரண்டு மேற்படியாக இறங்கிக்கொண்டே போனவர், அங்க அடையாளத்திலும் நிற்காமல் இறங்கிவிட்டார்.

"அப்பன் பேருக்கு மேற்படி போடாம வுட்டியே சாமி, அதுவே புண்ணியம்" என்றார் டிரில் மாஸ்டர் தங்கவேல், நகலைப் பார்த்துவிட்டு.

"சிரிக்காத மாஸ்டர். வயிறு எரியுது. பதிமூணு பேருக்கும் வலது கன்னத்துல மச்சம், இடது முழங்கால்ல தழும்பு. வந்து பாத்தான்னா இன்னா ஆவும்?"

"தழும்பு கவலை வுடு. இந்த மலையில நடந்து பள்ளிக்கூடம் வர்றவனுக்கு முழங்கால்ல தழும்பு இல்லேன்னாதான் ஆள் மாறாட்டம்."

எண்ணிப் பார்த்தார்கள். உண்மைதான். பதின்மூன்று முழங்கால்களிலும் தழும்பு இருந்தது. சிலவற்றில் இரண்டிரண்டு.

"மச்சம்?"

"அதான் இடிக்குது" என்றார் தங்கவேல்.

மறுநாள் கோபால்சாமி விடியற்காலையிலேயே மலையிறங்கி, ஒடுகத்தூரில் பஸ் பிடித்து, வேலூரில் கல்வி அலுவலகத்துக்குப் போய் நின்றார். அங்கே இருந்த எழுத்தர் இவரைவிடப் பெரிய எழுத்தர். தலை நிமிராமலே பேசினார்.

"நாமினல் ரோல் மெட்ராஸ் போயாச்சு. அச்சாயிடுச்சு. பட்டியலை மாத்த முடியாது. வேணும்னா பிள்ளைங்களை மாத்திக்குங்க."

"இல்லைங்க, சின்ன திருத்தம்..."

"என்ன திருத்தம்?" அவர் தலை நிமிர்ந்தது. "அங்க அடையாளத்துலயா?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்கறதுக்கா ஜவ்வாது மலையிலேர்ந்து வந்தீங்க?" என்று அவர் ஒரு காகிதத்தை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பு என்ன என்பது நான்கு நாள் கழித்துத் தபாலில் தெரிந்தது. மாவட்டத்தில் ஏதோ சில பள்ளிகளில் மட்டும் சரிபார்ப்பதாக இருந்தார்களாம். இப்போது கோபால்சாமியின் பள்ளி அதில் முதலாவது. துறை அலுவலர் முக்தார் அகமது நேரில் வருகிறார். 'சரிபார்க்கப்படலாம்' என்பது 'சரிபார்க்கப்படும்' ஆகிவிட்டது.

"நீ சும்மாவே இருந்திருக்கலாம்" என்றார் தங்கவேல்.

"அதை இப்ப சொல்லு."

"ஒரு வழி கீது. மச்சம்னா இன்னா? கறுப்பா ஒரு புள்ளி. வெச்சிட்டா போச்சு."

தங்கவேல் பேனா மையால் ஒரு பையன் கன்னத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார். மை நீலம். வெயிலில் நடந்து வீடு போவதற்குள் அது தாடைவரை ஒழுகி, பார்த்தவர்கள் எல்லாரும் பையன் அழுதிருக்கிறான் என்று நினைத்தார்கள். வரப்போகிறவரோ தொட்டுப் பார்க்கிற ஆளாக இருந்தால்?

வழி சொன்னவன் சடையன். காட்டில் கடுக்காயும் சேங்கொட்டையும் பொறுக்கி ஒடுகத்தூர்ச் சந்தையில் விற்கிறவன். பரீட்சை எழுதும் சின்னதம்பிக்கு அப்பன்.

"வண்ணான் துணிக்குக் குறி போடறான், பாத்துக்கிறீங்களா? சேங்கொட்டைப் பாலு. துணி கிழியும், குறி போவாது. அதுல ஒரு சொட்டு வெச்சிட்டா எந்த ஆபீசர் வந்து தேச்சாலும் போவாதுங்க."

"தோலுக்கு ஆவுமா?"

"கொஞ்சம் அரிக்கும்" என்றான் சடையன். இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை மலையில் எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பது இருபது வருஷம் ஆகியும் கோபால்சாமிக்குப் பிடிபடவில்லை. 'கொஞ்ச தூரம்' என்பார்கள், பொழுது சாயும்.

இருந்தாலும் அவர் மனசாட்சி உள்ள மனிதர். பிள்ளைகளுக்கு வைக்கும் முன்னால் தனக்கே வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். சடையன் ஈர்க்குச்சியால் அவர் வலது கன்னத்தில் ஒரு சொட்டு வைத்தான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையிலும் ஒன்றும் ஆகவில்லை. அழகான, கறுப்பான, கழுவினாலும் போகாத மச்சம். கோபால்சாமி கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் இது இருந்திருந்தால் இன்னும் நல்ல இடமாக அமைந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது.

அன்று மத்தியானமே பையன்களை வரிசையில் நிறுத்தித் தங்கவேல் வைக்க ஆரம்பித்தார். முதல் ஆளான சின்னதம்பிக்கு, எதிரே நின்று தன் வலப்பக்கத்தைப் பார்த்து வைத்ததில், அது அவனுடைய இடது கன்னமாகிவிட்டது. அப்புறம் வலதிலும் ஒன்று வைத்தார்கள்.

பன்னிரண்டாவது பையன் நகர்ந்ததும் வரிசையின் கடைசியில் அம்சவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

"சார், எனக்கும் வெச்சிடுங்க சார்."

"உனக்கு எதுக்கும்மா? நீதான் அசல். இவனுங்க எல்லாம் உன் நகல்."

"இல்ல சார், வந்து..."

"தனியா வுட்டுட்டாங்களேன்னு நினைக்காத. போ, போய்க் கணக்குப் போடு."

அவள் ஒரு கணம் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். அவள் கன்னத்து மச்சம் அன்றைக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருப்பதுபோல கோபால்சாமிக்குப் பட்டது. கண்ணாடிக்குப் பவர் கூடிவிட்டது, பரீட்சை முடிந்ததும் வேலூர் போய் மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் காலையில் கோபால்சாமி எழுந்தபோது வலது கண் திறக்கவில்லை. கன்னம் இட்லியாக உப்பியிருந்தது. அரிப்போ, சொல்லி முடியாது. ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். அடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு பையன்களும் ஒவ்வொருவராகக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சின்னதம்பி இரண்டு கையாலும் பொத்தியிருந்தான்.

கோபால்சாமிக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. தன் சோம்பேறித்தனத்துக்கு ஊரான் பிள்ளைகள் முகம் வீங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மங்கம்மாள் ஆயாவிடம் பணம் கொடுத்துத் தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் செய்தார். அவள் புளிய இலையை அரைத்துப் பிழிந்து, எண்ணெயும் தடவி, வாய் ஓயாமல் திட்டினாள்.

"படிச்சவங்க பண்ற வேலையா இது? மாட்டுக்குக் கூட சூடு போட்டா மூஞ்சில போட மாட்டாங்க."

கோபால்சாமி கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கன்னத்துக்கும் அவள்தான் தடவ வேண்டியிருந்தது.

இதற்குள் சேதி மலை முழுக்கப் பரவிவிட்டது. சர்க்கார் புதுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறதாம். பத்தாவது பாஸ் பண்ண வேண்டுமானால் வலது கன்னத்தில் குறி இருக்க வேண்டுமாம். பதினொன்றைப் பத்தாக்கியவர்கள் இதையும் செய்வார்கள் என்று ஊர் நம்பியது. ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கெங்கம்மாள் என்பவள் இரண்டு ஊர் தாண்டி வந்தாள்.

"இப்பவே வெச்சிடுங்க சாமி. அப்பறம் கூட்டம் ஜாஸ்தியாயிடும்."

அவளைத் திருப்பி அனுப்புவதற்குள் பின்னாலேயே ஒரு பெரியவர் வந்து தன் கன்னத்தை நீட்டினார். அவருக்கு அறுபது இருக்கும்.

"உங்களுக்கு எதுக்குங்க?"

"பாரஸ்ட்ல வாச்சர் வேலைக்கு பத்தாவது கேக்கறான். நீ வெச்சி வுடேன், நான் பாத்துக்கறேன்."

பரீட்சை நாள் காலையில் வீக்கம் வடிந்திருந்தது. மச்சங்கள் மட்டும் நின்றன. சிலருக்கு மிளகு அளவு, சிலருக்குப் புளியங்கொட்டை அளவு. பதின்மூன்று பேரும் தலை வாரி, எண்ணெய் முகத்தோடு வரிசையில் நின்றார்கள். வேலிக்கு வெளியே செல்லியம்மாள் அன்றைக்குப் புளி உலுக்கப் போகாமல் நின்றிருந்தாள்.

ஜீப்பிலிருந்து இறங்கினார் முக்தார் அகமது. வாணியம்பாடிக்காரர், ஒல்லியானவர், எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிறவர். மலையேறும் வழியில் டிரைவரை அவர் கேட்டிருந்த கேள்விகளால் டிரைவர் களைத்துப்போயிருந்தார். வந்த உடனே ஓட்டைப் பார்த்து, "இது எந்த ஊர் ஓடு?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பட்டியலை எடுத்தார்.

"கீழேயிருந்து கூப்பிடுங்க. மேலே இருக்கிற பேரைத்தான் எல்லாரும் நல்லா தயார் பண்ணி வெச்சிருப்பாங்க."

தம்ளர் தண்ணீரில் தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து முதல் பையன் கையில் கொடுத்தார்.

"மச்சத்தை அழுத்தித் துடை."

பையன் துடைத்தான். மச்சம் அசையவில்லை. கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவது பையன், மூன்றாவது பையன். மச்சம் சரி, முழங்கால் சரி. கோபால்சாமி சடையனை மனத்துக்குள் கும்பிட்டார். ஆறாவது பையனைத் தாண்டும்போது அதிகாரியின் முகத்தில் சந்தேகம் போய், வேறு ஏதோ வந்திருந்தது.

"எழுத்தரே, எல்லாருக்கும் ஒரே இடத்துல மச்சம். இது எப்படி?"

"மலையில எல்லாரும் ஒரே வகையறாங்க சார். மாமன், மச்சான் முறைதான்."

"அப்படியா! இது பரம்பரையா வருமா? யாராவது ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா?" சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். "இவனுக்கு ரெண்டு இருக்கே?"

"இவனுக்கு அப்பா வழியில ஒண்ணு, அம்மா வழியில ஒண்ணுங்க" என்றார் தங்கவேல்.

"சுப்ஹானல்லாஹ்!" என்று அதையும் எழுதிக்கொண்டவர், நிமிர்ந்து கோபால்சாமியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்குமா? நீங்க ஒடுகத்தூர்க்காரர்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க. இருபது வருஷமா இந்த ஊர்த் தண்ணிதான் குடிக்கிறேன்."

"தண்ணியிலயும் இருக்கலாம்" என்று அதிகாரி வெகு சிரத்தையாக எழுதினார்.

பன்னிரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கோபால்சாமிக்கு உயிர் வந்தது. மீதி அம்சவல்லி. அசல். அவள் விஷயத்தில் மட்டும் அவருக்குக் கடுகளவும் கவலை இல்லை.

"துடைம்மா."

அவள் கைக்குட்டையை வாங்கி வைத்துக்கொண்டு கோபால்சாமியைப் பார்த்தாள். "சார்..." என்றாள்.

"தைரியமா தொடைம்மா. உனக்கு இன்னா பயம்?"

அவள் துடைத்தாள்.

கன்னம் பளிச்சென்று இருந்தது. கைக்குட்டை கறுப்பாகிவிட்டது.

அதிகாரி டைரியை மூடினார்.

"பன்னெண்டு பேரு நிஜம். ஒருத்தி மட்டும் மச்சத்தை வரைஞ்சுக்கிட்டு வந்திருக்கா. யாரும்மா நீ? உண்மையான அம்சவல்லி எங்கே?"

"நான்தான் சார் அம்சவல்லி." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வெளியே போய் நில்லு."

மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. வேலியோரம் செல்லியம்மாள் ஒன்றும் புரியாமல் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபால்சாமிக்கு உத்தியோகம், ஓய்வூதியம், சித்திரையில் வரப்போகிற மாமன் எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரிந்தன. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"சார், என்னை வேணா வூட்டுக்கு அனுப்பிடுங்க. இந்தப் பொண்ணை அனுப்பாதீங்க. இவ மச்சம் ஒண்ணுதான் சார் நிஜம். மத்த பன்னெண்டும் பொய்!"

"என்ன சொல்றீங்க?"

மேற்படி வழுக்கியதிலிருந்து சேங்கொட்டை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி அதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அதிகாரி டைரியைத் திறந்து, எழுதிய பக்கத்தைக் கிழித்து, நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பிள்ளைங்க முகத்துல சேங்கொட்டையை வெச்சீங்களா? நீங்க மனுஷன்தானா?"

"தப்புதாங்க."

அதிகாரி வாசலில் நின்ற ஆயாவின் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணை உள்ளே கூட்டிட்டுப் போய் முழங்காலைப் பாரு."

ஆயா கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "கீதுங்க, ஒரு விரல் நீளத்துக்கு. புளிய மரத்துலேர்ந்து வுழுந்தாளாம்."

"அப்ப உக்காந்து எழுதச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு பொருந்தினா போதும்."

கோபால்சாமி அதிகாரியின் அருகில் வந்தார். "ஒண்ணு போதுமா சார்?"

"கடிதத்துக்குப் பின்பக்கம் போட்டிருக்கே. திருப்பிப் பார்க்கலையா?"

மணி அடித்தது. அம்சவல்லி ஓடிப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கோபால்சாமி தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பன்னிரண்டு கன்னங்களும் அவருடையதும் அந்தப் பின்பக்கத்தைப் படித்திருந்தால் பிழைத்திருக்கும்.

"உங்க மேல என்ன எழுதறதுன்னு எல்லாப் பரீட்சையும் முடிஞ்சப்புறம் யோசிக்கறேன்" என்றார் முக்தார் அகமது. கறுப்பான கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேள்வி அவரை விடவில்லை. "ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை, எழுத்தரே. பன்னெண்டு பொய்யும் அழியலை. நீங்க சத்தியம் பண்ணின அந்த நிஜ மச்சம் எப்படி அழிஞ்சுது?"

கோபால்சாமிக்கும் அதுதான் புரியவில்லை. இரண்டு பேருமாக வேலியோரம் போனார்கள்.

"செல்லியம்மா, உன் பொண்ணு கன்னத்துல வலப்பக்கம் ஒரு மச்சம் இருந்துதே, அது எங்க போச்சு?"

செல்லியம்மாள் கைக்குட்டையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் வாயில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அத்தப் போயி தொடச்சிட்டீங்களா சாமி? அது மச்சம் இல்லீங்க, மலையிலேர்ந்து படிக்கப் போற ஒரே பொண்ணாச்சே, பன்னெண்டு பசங்க பெத்தவங்க கண்ணும் பட்டுடப் போவுதுன்னு ஆறாவதுலேர்ந்து தெனம் வெளக்குக் கரியில நான் வெச்சி அனுப்பற திருஷ்டிப் பொட்டு!"